பெட்டிக்குள் ஒரு வானம்

கும்மிடிப்பூண்டியிலிருந்து கிழக்கே சென்று பழவேற்காட்டு ஏரிக்கரையில் நிற்பவனுக்கு, நீர்ப்பரப்புக்கு அப்பால் மங்கலாகத் தெரியும் நிலம் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு என்று எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ராக்கெட் புறப்படும் நாட்களில் கடலுக்குப் போகலாகாது என்ற அறிவிப்பு கரையோரக் குப்பங்களுக்கு முன்னதாகவே வந்துவிடுவதால், அத்தீவின் பஞ்சாங்கம் இவ்வூர் மீனவர்களுக்கு அமாவாசை பௌர்ணமியைப் போலவே பழகிப்போன ஒன்று. 2013 ஜூலை 1-ஆம் தேதி, நள்ளிரவு நெருங்கும் வேளையில், நம் நாட்டின் வழிகாட்டிச் செயற்கைக்கோள் வரிசையில் முதலாவதான ஐ.ஆர்.என்.எஸ்.எஸ். 1ஏ இத்தீவிலிருந்துதான் கிளம்பியது. ‘நாவிக்’ என்ற பெயர் அவ்வரிசைக்குப் பின்னால் வந்தது. விண்ணில் ஏறியவற்றின் சரித்திரத்தைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அவற்றின் குரலைக் கேட்டு வழிசொல்லும் ரிசீவர்களைப் பரீட்சிப்பதற்காகப் பெட்டிக்குள் ஒரு பொய் வானத்தைப் படைக்கிறார்களே, அந்த விசித்திரமான தொழிலின் சரித்திரத்தைச் சொல்வார்தாம் குறைவு.

அளக்கும் கருவியை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வி நம் பக்கத்துக்குப் புதிதன்று. 1802-ஆம் ஆண்டு ஏப்ரலில், பரங்கிமலையின் அருகே நில அளவைக்கென ஏழரை மைல் நீளமுள்ள ஆதாரக் கோட்டினை அளக்கத் தொடங்கிய வில்லியம் லாம்டன், நூறடி எஃகுச் சங்கிலிகள் இரண்டை வைத்துக்கொண்டு, ஒன்றை மண்ணில் இழுத்து அளப்பதற்கும், மற்றொன்றை எதற்கும் உபயோகிக்காமல் பிரமாணமாகப் பாதுகாப்பதற்கும் ஒதுக்கினார். உழைக்கும் சங்கிலி வெயிலில் நீண்டதா, தேய்ந்து மாறியதா என்பதை உழைக்காத சங்கிலிதான் சொல்ல வேண்டும். காலத்துக்கும் இப்படியொரு பிரமாணம் வேண்டியிருந்தது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வான ஆராய்ச்சி நிலையம் நட்சத்திரங்களைப் பார்த்துக் காலத்தைக் கணித்தது. அந்தக் காலத்தை ஊரார் தம் கடிகாரங்களோடு ஒப்பிட்டுக்கொள்ளும்படி சென்னைக் கோட்டையில் இரவு எட்டு மணிக்குப் பீரங்கி முழங்கியது. கடிகாரத்தின் மீது அத்தனை அக்கறை ஏன் என்று கேட்பவர் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம்: காலமானியைக் கொண்டு தீர்க்கரேகையைக் கணிக்கும் மாலுமிக்கு, ஒரு விநாடிப் பிழை நேர்ந்தால், சென்னையின் அட்சரேகையில் ஏறக்குறைய 450 மீட்டர் தப்பிவிடும்.

அந்த ஒரு விநாடி இன்றைய கணக்கில் ஒரு யுகம். செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள அணுக் கடிகாரத்தின் நேரத்தையும் தான் நிற்கும் இடத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்க, ரிசீவர் அவ்வறிவிப்பு வந்து சேரப் பிடித்த காலத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கித் தூரமாக்கி, நான்கு கோள்களின் தூரங்களிலிருந்து தன் இடத்தையும் தன் கடிகாரத்தின் பிழையையும் ஒருங்கே கண்டுகொள்கிறது. இதில் விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் பிசகும். வந்து சேரும் அலையோ, ஒரு வாட்டைப் பத்தாயிரம் லட்சம் கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஓரிரு கூறு அளவே பலம் உள்ளது. இத்தனை மெல்லிய குரலைச் சரியாகக் கேட்கிறதா என்று ஒரு கருவியைச் சோதிக்க, மெய்யான வானத்தை மட்டும் நம்புவது பேதைமை. அங்கே கோள்கள் நிமிஷத்துக்கு நிமிஷம் இடம் மாறும். நேற்றிருந்த வானத்தை இன்று திரும்பக் கேட்க முடியாது. ரிசீவர் தவறினால், தவறியது ரிசீவரா வானமா என்ற வழக்கும் தீராது.

அமெரிக்கர்களுக்கு இன்னொரு சங்கடம் இருந்தது. ஜி.பி.எஸ். வரிசையின் முதற்கோள் 1978 பிப்ரவரியில்தான் ஏறியது; ரிசீவர்களோ அதற்கு முன்பே தயாராகிவிட்டன. எனவே அரிசோனாப் பாலைவனத்தில் யூமா என்னுமிடத்தில், கோள்களைப் போலவே பேசும் ஒலிபரப்பிகளைத் தரையில் நட்டு, மேலே பறக்கும் விமானத்திலிருந்த ரிசீவரைக் கீழ்நோக்கிக் கேட்க வைத்தார்கள். வானத்தைத் தலைகீழாகக் கவிழ்த்த அந்த ஏற்பாடுதான் இத்தொழிலின் தொடக்கம் என்பது என் அபிப்பிராயம்.

பின்னர் பாலைவனம் மேஜைமீது வைக்கத்தக்க பெட்டியாகச் சுருங்கிற்று. ‘சிமுலேட்டர்’ என்று தொழிலில் உள்ளவர்கள் வழங்கும் அப்பெட்டிக்கு ஒரு நாளையும் நேரத்தையும் இடத்தையும் சொல்லிவிட்டால், அவ்வேளையில் ஒவ்வொரு கோளும் எங்கே நின்றிருக்கும், அதன் அலை எவ்வளவு தாமதித்து வரும், கோளின் ஓட்டத்தால் அலைவரிசை எவ்வளவு ஏறி இறங்கும், மேல்வானின் மின்னேற்றப் படலமான அயனமண்டலம் எவ்வளவு தாமதப்படுத்தும் என்றெல்லாம் கணித்து, கோளுக்கொரு குரலாக உண்டாக்கி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, பலத்தை மிக மிகக் குறைத்து, ஆன்டெனாவைக் கழற்றிய இடத்தில் கேபிள் வழியாக ரிசீவருக்குள் செலுத்திவிடுகிறது. அசையாமல் கிடக்கும் ரிசீவர், கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டிலிருந்து புறப்பட்டுப் பொன்னேரி வழியாக மீஞ்சூருக்குப் போய்க்கொண்டிருப்பதாகச் சாதிக்கும். அது சொல்லும் இடத்துக்கும் பெட்டி சொல்லிக்கொடுத்த இடத்துக்கும் உள்ள வித்தியாசமே மதிப்பெண். லாம்டனின் உழைக்காத சங்கிலி செய்த வேலையை இங்கே செய்வது தெரிந்தே சொல்லப்படும் ஒரு பொய்.

அயனமண்டலத்தைச் சற்று விசேஷமாகவே சொல்ல வேண்டும். காந்த நடுரேகை தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், அஸ்தமனத்துக்குப் பின் இங்கே மேல்வானில் எழும் கலக்கம் ஐரோப்பியர் அறியாத உக்கிரமுடையது. அங்குள்ள சாந்தமான வானத்தைப் பாவித்துத் தேறிய கருவி இங்கே சந்தியாகாலத்தில் தடுமாறக்கூடும். முதல் தலைமுறை நாவிக் கோள்கள் 1176.45 மெகாஹெர்ட்ஸ், 2492.028 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் பேசுவதற்கு, அயனமண்டலம் உண்டாக்கும் தாமதத்தைக் கழித்தறிவது ஒரு முக்கிய காரணம். ஆகவே நமக்கான சிமுலேட்டருக்கு நம் வானத்தின் குணமும் தெரிந்திருக்க வேண்டும்.

காலத்தையும் இப்பெட்டி முன்னோக்கி ஓட்டும். ஜி.பி.எஸ். வாரங்களைப் பத்து இலக்க இரும எண்ணால் குறிப்பதால், 1024 வாரங்களுக்கொருமுறை எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது. முன்கூட்டியே சிமுலேட்டரில் அந்த இரவைக் கடத்திப் பார்த்தவர்கள் நிம்மதியாக உறங்கியிருப்பார்கள். அதே 2019-இல் புதிய பஸ், டாக்ஸி முதலியவற்றில் இருப்பிடங் காட்டும் சாதனம் கட்டாயமானபோது, ஏ.ஐ.எஸ். 140 என்ற நியமத்தின்படி பரீட்சையில் தேறிய சாதனத்துக்கே இடமுண்டு என்றாயிற்று. நெடுஞ்சாலையில் ஆரம்பாக்கத்தைத் தாண்டும் வாகனத்தின் சிறு டப்பாவுக்குப் பின்னால் இவ்வளவு சங்கதி இருக்கிறது.

இந்தப் பொய்யைப் பெட்டிக்கு வெளியே விடலாகாது என்பது தொழில் தர்மமும் சட்டமும் ஆகும். கேபிளை விட்டு ஆன்டெனா வழியே வெளியேறினால், அருகில் போகும் விமானமும் கப்பலும் அதை மெய்யென்று நம்பிவிடும். ஆகையால் ஆன்டெனாவோடு சேர்த்துச் சோதிக்கும்போது ரிசீவரை அலை கசியாத உலோக அறைக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள்.

ஏரிக்கு அப்பாலுள்ள மெய்வானத்துக்கு நேர்ந்த சோதனைகளும் கொஞ்சமல்ல. 1ஏ-வின் மூன்று அணுக் கடிகாரங்களும் கெட்டன; அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் ஏறிய 1எச், தன்னை மூடியிருந்த வெப்பக் கவசம் திறவாமல் உள்ளேயே சிறைப்பட்டது. 2025 ஜனவரி 29 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலில் சென்ற, இவ்வரிசையின் புதிய கோளான என்.வி.எஸ். 02, ராக்கெட் தன் பங்கைச் சரிவரச் செய்தும், உரிய சுற்றுப்பாதைக்கு உயர முடியாமல் போயிற்று. சிமுலேட்டரின் வானத்தில் மட்டும், எண்களை எழுதிக்கொடுத்த மாத்திரத்தில், அது தன் இடத்தில் நின்று நேரம் சொல்லிக்கொண்டிருக்கும்.