கில்கென்னியில் ஒரு நாள்



அயர்லாந்தின் தலைநகரான டப்ளினிலிருந்து தென்மேற்கே இரயிலில் ஒன்றரை மணி நேரம் சென்றால் கில்கென்னி என்னும் ஊரை அடையலாம். நோர் என்னும் சிற்றாறு ஊரின் ஊடே ஓடுகின்றது. மக்கள் தொகை ஏறத்தாழ 27,000. நம் கணக்கில் அது ஒரு பேரூர். ஆனால் அவ்வூராரிடம் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். 1609-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் தந்த பட்டயத்தால் தம் ஊர் மாநகரம் என்பதில் அவர்களுக்குப் பெருமிதம் மிகுதி.

டப்ளினில் பணிபுரியும் என் மகன் வீட்டில் சில வாரம் தங்கியிருந்தபோது ஒரு நாள் தனியே அங்குச் சென்று வந்தேன். வரலாறு கற்பித்த ஆசிரியனுக்கு ஒரு பழைய ஊரில் வழிகாட்டி எதற்கு என்று மகனிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். இரண்டு முறை வழி தவறினேன் என்பதையும் சொல்லிவிடுகின்றேன்.

முதலில் கண்டது ஆற்றங்கரைக் கோட்டை. நார்மானியப் பெருமகன் வில்லியம் மார்ஷல் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. நான்கு மூலையிலும் கோபுரம் இருந்தது. இன்று எஞ்சியிருப்பன மூன்று. 1391-இல் பட்லர் குடும்பத்தார் இதனை விலைக்கு வாங்கி, 1935 வரை வாழ்ந்தனர். பிறகு தட்டுமுட்டுப் பொருள்களெல்லாம் ஏலம் போயின. 1967-இல் அக்குடும்பத் தலைவர் வெறும் 50 பவுன் விலைக்குக் கோட்டையை ஊராரிடமே ஒப்படைத்தார். ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஆண்ட குடும்பம் ஒரு நல்ல சைக்கிளின் விலைக்குக் கோட்டையை விட்டுக்கொடுத்துச் சென்ற காட்சியை எண்ணிப் பாருங்கள்!

கோட்டையிலிருந்து பழைய கடைத்தெரு வழியாக மறுகோடிக்கு நடந்தேன். இரண்டு தெருக்களை இணைக்கும் குறுகிய படிச்சந்துகள் இடையிடையே உள்ளன. ஒன்றின் பெயர் வெண்ணெய்ச் சந்து. முன்னாளில் வெண்ணெய் விற்ற இடம். ஊரின் மறுகோடியில் கனிஸ் தேவாலயம் நிற்கின்றது. கில்கென்னி என்ற பெயருக்கே ஐரிஷ் மொழியில் ‘கனிஸ் துறவியின் கோயில்’ என்பது பொருள். கோயில் 13-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. அதன் அருகே நிற்கும் வட்டக் கோபுரமோ அதனினும் பல நூற்றாண்டு மூத்தது, நூறடி உயரம். உள்ளே செங்குத்தான மர ஏணிகள். முழங்கால் வேண்டாம் என்றது. மனம் வேண்டும் என்றது. மூச்சு வாங்க ஏறி, உச்சியிலிருந்து அவ்வூர் முழுவதையும் ஒரே பார்வையில் கண்டேன். 1650-இல் குரோம்வெல்லின் படை இவ்வூரைக் கைப்பற்றிக் கோயிலின் வண்ணக் கண்ணாடிகளை நொறுக்கியது. அதற்கும் முன்னே, 1324-இல், ஆலிஸ் கைட்டலர் என்னும் செல்வச் சீமாட்டிமீது சூனியக்காரி என்று ஆயர் ஒருவர் குற்றம் சாட்டினார். சீமாட்டி தப்பி ஓடினாள். அவள் பணிப்பெண் பெட்ரோனில்லாவோ கசையடி பட்டு உயிரோடு எரிக்கப்பட்டாள்.

ஆயினும் நான் கில்கென்னிக்குச் சென்றது இவற்றுக்காக அன்று, ஒரு சட்டத்திற்காக. 1366-இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் மகன் லயனல் இவ்வூரில் ஒரு மன்றம் கூட்டினார். அதில் இயற்றப்பட்டவையே வரலாற்று நூல்கள் கூறும் கில்கென்னிச் சட்டங்கள். பலர் இவற்றை ஐரிஷ் மக்களை ஒடுக்க வந்த சட்டங்கள் என்று மட்டும் எழுதிவிடுகின்றனர். அது முழு உண்மையன்று. அச்சட்டங்களை ஆங்கிலேயர் தம்மவர்மீதே ஏவினர். அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலக் குடும்பத்தார் இரண்டு நூற்றாண்டுக்குள் ஐரிஷ் பேசினர். ஐரிஷ் பெண்களை மணந்தனர். ஐரிஷ் முறையில் குதிரை ஏறினர். தம் பிள்ளைகளை ஐரிஷ் வீடுகளில் வளர்க்க விட்டனர். இது பொறாத அரசு, ஆங்கிலமே பேசுக, ஆங்கிலப் பெயரே சூடுக, ஐரிஷ் பாணரை வீட்டில் சேர்க்காதீர் என்று ஆணையிட்டது. மீறினால் நிலம் பறிபோகும். ஹர்லிங் என்னும் மட்டைப்பந்தாட்டமும் கூடாது. வில்லும் ஈட்டியும் பயிலுக என்றது.

இதில் நகைப்புக்குரியது ஒன்று உண்டு. ஆங்கிலமே பேசுக என்ற அச்சட்டம் எழுதப்பட்ட மொழி ஆங்கிலமன்று; நார்மானியப் பிரெஞ்சு! இன்னும் கேளுங்கள். மறு ஆண்டு, 1367-இல், அரசின் சார்பில் அயர்லாந்தின் ஆட்சித் தலைமை ஏற்றவர் டெஸ்மண்ட் பிரபு ஜெரால்டு. அவர் ஐரிஷ் மொழியில் பாடல் புனைந்த கவிஞர். சட்டத்தைக் காக்க வேண்டியவரே அம்மொழியின் பாவலர்! ஹர்லிங் ஆட்டத்தின் கதையும் அதுவே. அகில அயர்லாந்துப் போட்டிகளில் 2015 வரை கில்கென்னி வென்ற பட்டங்கள் 36. வேறெந்த மாவட்டமும் அத்தனை வென்றதில்லை.

அப்படியாயின் ஐரிஷ் மொழி வாழ்கின்றது என்றன்றோ நினைக்கத் தோன்றும்? அரண்மனை ஆணையால் வீழாத அம்மொழி பிற்காலத்தில் வேறு வழியாக வீழ்ந்தது. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதே அளவினர் கடல் கடந்தனர். ஐரிஷ் பேசிய ஏழை உழவர்களே அவருள் மிகுதி. 1831-இல் ஏற்பட்ட தேசியப் பள்ளிகளில் பாடமொழி ஆங்கிலம். பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டுவார்கள். ஐரிஷ் பேசுந்தோறும் அதில் ஒரு வெட்டு. மாலையில் வெட்டுக்களை எண்ணி அடி. பெற்றோரும் இதற்கு உடன்பட்டனர். ஆங்கிலம் கற்றால்தானே அமெரிக்காவில் பிழைக்கலாம்!

இதனைப் படித்தபோது எனக்கு என் இளமை நினைவு வந்தது. நான் முதலில் பணியேற்ற பள்ளியில், வளாகத்தினுள் தமிழ் பேசும் பிள்ளைக்கு நாலணா தண்டம். அத்தண்டத்தை வாங்கித் தகர உண்டியலில் இட்டவன் நானே. ஒரு சிறுமி காசில்லாமல் நாள் முழுவதும் வாய் திறவாதிருந்தாள். நல்ல மாணவி என்று அவளை நான் அன்று பாராட்டினேன்.

பிற்பகலில் ரோத் மாளிகைக்குச் சென்றேன். 1594-இல் ஜான் ரோத் என்னும் வணிகர் கட்டத் தொடங்கிய கல்வீடு. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வீடுகள், இடையே முற்றங்கள், பின்னே தோட்டம். இன்று அது அருங்காட்சியகம். முற்றத்துக் கல்லிருக்கையில் அமர்ந்து, இதே ஊரில் ஆசிரியராயிருந்த ஒருவரை நினைத்துக்கொண்டேன். அவர் தாமஸ் மக்டொனா. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குள்ள கீரன் கல்லூரியில் கற்பித்தார். ஆங்கிலத்தில் வளர்ந்த அவர், ஐரிஷ் மொழியை மீட்க 1893-இல் தோன்றிய கேலிக் சங்கத்தில் சேர்ந்து ஐரிஷ் பயின்றது இவ்வூரில்தான். ஆசிரியர், கவிஞர், 1916 ஈஸ்டர் எழுச்சியில் விடுதலை அறிக்கையில் கையொப்பமிட்ட எழுவருள் ஒருவர். அவ்வாண்டு மே 3-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். கில்கென்னி இரயில் நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. காலையில் அப்பெயரைப் படிக்காமலே வெளியேறியிருந்தேன்.

ஐரிஷ் இன்று அந்நாட்டின் முதல் ஆட்சிமொழி. பள்ளிகளில் கட்டாயப் பாடம். 2022 கணக்கெடுப்பின்படி, தமக்கு அது தெரியும் என்றவர் 18 இலட்சத்துக்கு மேல். பள்ளிக்கு வெளியே அன்றாடம் பேசுவோர் 72,000 பேரே.

மாலை வண்டிக்குக் காத்திருக்கையில், ஹர்லிங் மட்டையோடு ஒரு சிறுவன் அருகே வந்து அமர்ந்தான். ஐரிஷ் பேசுவாயா என்று கேட்டேன். தேர்வுக்குப் படிப்பேன், பேச மாட்டேன் என்றான். பெயர்ப்பலகையைக் காட்டி, அதில் உள்ள ஐரிஷ் எழுத்தைப் படித்துக்காட்டச் சொன்னேன். தயங்காமல் படித்தான். நான் திருப்பிச் சொன்னேன். என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்து, மீண்டும் மெல்லச் சொல்லிக் கொடுத்தான். வண்டி வரும்வரை அப்பாடம் நடந்தது.