கதாநாயகன் கழுத்தில் என்ன கேமரா?

சினிமா பார்க்கும்போது ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வொரு இடத்துக்குப் போகும். சிலருக்குப் புடவை, சிலருக்குக் கார். ஓசூர் சிப்காட்டில் டூல் ரூமிலேயே காலம் கழித்த எனக்கு, யார் கழுத்திலாவது ஸ்டில் கேமரா தொங்கினால் அது என்ன கேமரா என்று பார்த்தாக வேண்டும். பொழுதுபோக்குதான். ஆனால் பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. நல்ல படங்களில் கேமரா அலங்காரப் பொருள் இல்லை. அது வேலை செய்யும் விதமே கதையை நகர்த்துகிறது.

அடையாளம் காண்பது சுலபம். தலையைக் குனிந்து, வயிற்றுக்கு நேரே பெட்டியைப் பிடித்துப் பார்த்தால் அது இரட்டை லென்ஸ் கேமரா. ரோலிஃபிளெக்ஸ், யாஷிகா இந்த வகை. மேல் லென்ஸ் பார்க்க, கீழ் லென்ஸ் படம் பிடிக்க. கண்ணோடு ஒட்டிப் பிடித்து, தலையில் கூரை மாதிரி மேடு தெரிந்தால் எஸ்.எல்.ஆர். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கட்டைவிரலால் லீவரை இழுத்து ஃபிலிமை நகர்த்த வேண்டும். மோட்டார் இல்லாத கேமராவில், நடிகர் லீவரைத் தொடாமலே 'கிளிக் கிளிக்' என்று கேட்டால், அந்தச் சத்தம் பிறகு சேர்த்தது!

1954-ல் ஹிட்ச்காக் எடுத்த 'ரியர் விண்டோ'வில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் கையில் இருப்பது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தயாரான எக்ஸாக்டா. நீளமான 400 மி.மீ. லென்ஸ் மாட்டியிருப்பார். கால் உடைந்து உட்கார்ந்திருக்கும் பத்திரிகைப் புகைப்படக்காரர் அவர். கொலைகாரன் அறைக்குள் வந்ததும் ஃபிளாஷ் அடித்து அவன் கண்ணைக் கூசவைப்பார். அந்தக் காலத்து பல்பு ஒரு தடவைதான் எரியும். ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டும். அந்தச் சில விநாடிகளில்தான் நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

1966-ல் அந்தோனியோனி லண்டனில் எடுத்த 'புளோ-அப்'பில் கதாநாயகன் வைத்திருப்பது நிக்கான் எஃப். 1959-ல் வெளிவந்து, உலகப் பத்திரிகையாளர்களின் கைக்கருவியாகவே ஆன கேமரா. பூங்காவில் எடுத்த படத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க, அதில் ஒரு கொலை தெரிகிறது. மேலும் பெரிதாக்கினால் வெறும் புள்ளிகள்தான் மிஞ்சுகின்றன.

நம் பக்கம் வருவோம். அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூர். பாலுமகேந்திரா 1980-ல் 'மூடுபனி'யை அங்கேதான் பெரும்பாலும் எடுத்தார். அதில் புகைப்படத் தொழில் பழகும் இளைஞனாக வருபவர் மோகன். தமிழில் அவருக்கு அதுதான் முதல் படம். கேமராமேனாகப் பெயர் வாங்கிய ஒருவர், கொலைக்கதைக்கு நடுவே ஒரு புகைப்படக்காரனை வைத்தது தற்செயல் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அன்றைக்கு நம் வீடுகளில் இருந்தது என்ன? பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் III. ஒரு ரோலுக்கு 12 படம். கறுப்பு வெள்ளை ஃபிலிம் நம் ஊட்டியிலேயே தயாரானது. அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ஃபிலிம். நிக்கான் வேண்டுமென்றால் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ யாராவது கொண்டுவர வேண்டும். இறக்குமதிக் கட்டுப்பாடு அப்படி.

இதை மனதில் வைத்துக்கொண்டு 1983-ல் வந்த 'ஜானே பி தோ யாரோ' இந்திப் படத்தைப் பாருங்கள். அரசு நிதி உதவியோடு, ஏழு லட்சத்துக்கும் குறைவான செலவில் குந்தன் ஷா எடுத்தது. பிழைக்க வழியில்லாத இரண்டு புகைப்படக்காரர்களாக நஸீருத்தீன் ஷாவும் ரவி பாஸ்வானியும் வருவார்கள். பூங்காவில் எடுத்த படத்தைப் பெரிதாக்கும்போது ஒரு கொலை சிக்குகிறது. பூங்காவின் பெயரே அந்தோனியோனி பூங்கா! லண்டன் படத்துக்கு வைத்த வணக்கம் அது. ஆனால் இங்கே படம் புள்ளிகளாகிக் கரைந்துபோகவில்லை. கொலைகாரன் பெரிய கட்டட முதலாளி என்று தெளிவாகவே தெரிகிறது. இருந்தும் என்ன பயன்? முதலாளியும் அதிகாரியும் பத்திரிகைக்காரியும் ஒன்று சேர்ந்துவிட, படம் எடுத்த இரண்டு பேரும்தான் கடைசியில் கைதி உடையில் நடந்து வருகிறார்கள். சிரித்துக்கொண்டே பார்த்த படம் அங்கே தொண்டையில் அடைக்கும்.

நஸீருத்தீன் ஷா அதில் வைத்திருக்கும் நிக்கான் அவருடைய சொந்தக் கேமரா. படத்துக்கென்று ஒன்று வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ அந்தப் பட்ஜெட்டில் இடம் ஏது?

2011-ல் வந்த 'கோ'வில் ஜீவாவும் பத்திரிகைப் புகைப்படக்காரர்தான். இயக்குநர் கே.வி. ஆனந்த் சினிமாவுக்கு வருமுன் அதே தொழிலில் இருந்தவர். ஆனால் கையில் டிஜிட்டல் கேமரா. எடுத்த உடனே திரையில் பார்த்துவிடலாம். இருட்டறையில் சிவப்பு விளக்கடியில், தட்டுத் தண்ணீரில் ஒரு முகம் மெல்ல மெல்ல எழுந்துவரும் அந்தக் காத்திருப்பு இனி கதைகளில் வராது.

இன்னொரு செய்தியும் உண்டு. நஸீருத்தீன் ஷாவின் அந்த நிக்கான் படப்பிடிப்பு நடந்த நாட்களிலேயே திருடு போய்விட்டது. அடுத்த தடவை அந்தப் படத்தைப் பார்க்கும்போது அவர் கழுத்தைக் கவனியுங்கள். அந்தக் கேமராவை இனி அங்கே மட்டும்தான் பார்க்க முடியும்.