கிள்ளான் துறையும் காவல் தீவுகளும்

கிள்ளான் துறைமுகத்தின் வரலாற்றைக் கூறுவோர் இரயில் பாதையையும் ஆங்கில ஆட்சியாளரையும் விரிவாக உரைப்பர். அத்துறைக்கு அரணாய் நின்ற தீவுகளை நினைப்போர் சிலரே. மாணவர்க்கு வரலாறு கற்பிக்கும் நாம் அக்குறையைப் போக்குதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கோலாலம்பூர் வட்டார ஈயம் கிள்ளான் ஆற்றங்கரைத் துறை வழியே வெளியேறிற்று. ஆழமும் அகலமும் குன்றிய அவ்வாற்றினுள் பெருங்கப்பல்கள் புக இயலவில்லை. ஆகவே 1901 செப்டம்பரில் ஆற்றின் முகத்துவாரத்தருகே போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறியது இதுவே. திறந்த கடலின் அலையை எதிரேயுள்ள கெத்தாம், கிள்ளான், லூமுட் தீவுகள் தடுத்தமையால் இங்கே கப்பல்கள் அமைதியாக நங்கூரமிட முடிந்தது.

தீவுகளின் பணி அலையைத் தடுப்பதோடு முடிவதன்று. மலாக்கா நீரிணையில் ஓதம் நாள்தோறும் இருமுறை பெருகி வற்றுகிறது. தீவுகளின் இடைவழியில் அந்நீர் நெருக்குண்டு விரைந்து, வண்டலை வாரிச் சென்று ஆழத்தைக் காக்கிறது. தீவின் மறைவிலோ தளர்ந்து சுழன்று வண்டலைப் படியவிடுகிறது. அச்சேற்றில் சதுப்புநிலக் காடு தழைக்கிறது. அதன் உதிர்ந்த இலைகள் மட்கி, இறாலுக்கும் நண்டுக்கும் கெராங் சிப்பிக்கும் உணவாகின்றன. மலாய் மொழியில் 'கெத்தாம்' என்பது நண்டையே குறிக்கும்.

ஆழ்கடலில் இதன் வழி வேறு. அங்கே தீவில் மோதும் நீரோட்டம் அடியிலுள்ள ஊட்டச்சத்தை மேலே கலக்கிவிடும். தீவருகே கடல் செழிப்பதை ஹவாயில் ஆராய்ந்த டோட்டி, ஒகூரி என்போர் 1956இல் 'தீவுத்திரள் விளைவு' எனும் பொருள்படப் பெயரிட்டனர்.

கிள்ளானின் சதுப்புநிலம் நோயையும் தந்தது. துறை திறந்த சில மாதங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் தொழிலாளரைத் தாக்கிற்று. துறைமுகம் தற்காலிகமாக மூடப்பட்டது. மருத்துவர் மால்கம் வாட்சனின் அறிவுரைப்படி காடு திருத்தி, வடிகால் வெட்டிய பின்னரே நோய் தணிந்தது. பின்னாளில் தமிழகத்திலிருந்து கப்பலேறிய நம் முன்னோர் பலர் வந்திறங்கிய துறை இதுவே.

லூமுட் தீவு இன்று இண்டாத் தீவு எனப்படுகிறது. 1990களில் மேற்குத் துறைமுகம் அங்கே எழுந்தது. கேரித் தீவிலும் துறைமுகம் அமைக்கும் திட்டம் பேசப்பட்டு வருகிறது. வணிகம் வளர்வது நன்றே. ஆயினும், நீர்வழியைத் தூர்த்தால் வண்டல் வேறிடம் தேடிப் படியும். சதுப்புக் காட்டை அழித்தால் மீனவரின் வலை வெறுமையாகும். எனவே ஆசிரியர்கள் மாணவரைத் துறைமுகத்திற்கு அழைத்துச் செல்லும்போது, கப்பல்களை எண்ணச் சொல்வதோடு நில்லாமல், ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் நீர் எத்திசையில் ஓடுகிறது என்பதையும் குறித்துவரச் செய்வார்களாக.