பறைத்துடவை: குன்றத்தூர் முதல் காரணை வரை

வண்டலூரில் தொடங்கி மீஞ்சூர் நோக்கிச் செல்லும் வெளிவட்டச் சாலை குன்றத்தூரை ஒட்டிப் போகிறது. குன்றத்தூர் சேக்கிழார் பெருமானின் ஊர். இப்பகுதித் தமிழன்பர்கள் அப்பெருமையை மேடைதோறும் எடுத்துச் சொல்லி மகிழ்வர், மகிழத்தக்கதே. ஆயினும், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில், அவர் பாடிய திருத்தொண்டர் புராணத்தில் திருநாளைப்போவார் வரலாற்றைப் படிப்போர் ஒரு சொல்லைப் பெரும்பாலும் நின்று நோக்காமலே கடந்து விடுகின்றனர். பறைத்துடவை என்பது அச்சொல்.

துடவை என்பது விளைநிலம். பறைத்தொழில் செய்வார்க்கு ஊரார் விட்ட நிலம் பறைத்துடவை. நந்தனார் அந்நிலத்தின் விளைவைத் தம் உணவுக்கு உரிமையாகக் கொண்டு வாழ்ந்தார் என்கிறார் சேக்கிழார். கொடையாக அன்று, கூலியாக அன்று, உரிமையாக. அமைச்சுப் பதவி வகித்தவர் என்று மரபு கூறும் ஒருவர், நிலமும் மானியமும் அறிந்த ஒருவர், இச்சொல்லை அளவறியாமல் ஆண்டிருப்பார் எனக் கருத இடமில்லை.

சுந்தரர் ஒரு தொடரில் போற்றிய அடியாரை நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டில் வகுத்தார். சேக்கிழார் 37 பாடல்களில் விரித்தார். கொள்ளிடக் கரையை அடுத்த ஆதனூரின் புலைப்பாடியை அவர் காட்டும் விதம் தமிழில் அரியது. (ஊரப்பாக்கத்தை அடுத்தும் ஓர் ஆதனூர் உண்டு, பெயரொற்றுமை மட்டுமே.) குஞ்சுகள் சூழத் திரியும் கோழிகள், இரும்பு வளை அணிந்த கரிய சிறுவர், மருத நிழலில் தோலின்மேல் குழந்தையை உறங்கச் செய்யும் உழத்தி, மாமரக் கிளையில் தொங்கும் பறை என ஒவ்வொன்றையும் அருகிருந்து கண்டவர் போலப் பாடுகிறார். இழிவுரை ஒன்றும் அங்கே கலக்கவில்லை. ஆனால் அப்பாடியில் பிறந்தவர் கோயில்களின் முரசுக்குத் தோலும் வாரும் அளித்தார். யாழுக்கும் வீணைக்கும் நரம்பளித்தார். பூசைக்குக் கோரோசனை அளித்தார். அவர் தந்த பொருள்கள் உள்ளே சென்றன. அவர் திருப்புன்கூரில் வெளியே நின்றார், நந்தி விலகியது. தில்லையில் தீ வளர்க்கப்பட்டது; நந்தனார் அதில் மூழ்கி, பூணூல் விளங்கும் முனிவராய் எழுந்தார். இந்நெறி நேரிதுதானா என்று சேக்கிழார் வினவவில்லை. பக்தியின் பெருமை பேச வந்தவர் அவ்வினாவைத் தீயின் ஒளியில் மறையவிட்டார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1861இல் அச்சேறியது. அதில் நந்தன் பண்ணையாள். சேக்கிழாரிடம் இல்லாத வேதியர் ஒருவர் அவனுக்கு ஆண்டையாய் வருகிறார். நாற்பது வேலி நிலத்தை உழுது, நட்டு, அறுத்து முடித்தால்தான் தில்லைக்கு விடை என்கிறார். ஓரிரவில் இறையருளால் பயிர் விளைந்துவிடுகிறது. கீர்த்தனையில் இலக்கண வழுக்கள் கண்டு சிறப்புப்பாயிரம் தரத் தயங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பாரதியார் பாடக் கேட்டு உருகித் தந்தார் என்பது கவிஞர்கள் விரும்பிச் சொல்லும் செய்தி. மூலத்தில் இல்லாத பாத்திரத்தைப் புகுத்தினார் என்பது பாரதியார்மீது சைவர் சிலர் கொண்ட குறை. அவர் புகுத்தியது கற்பனைதான். ஆனால் தம் காலத்துத் தஞ்சைச் சீமையிலிருந்து எடுத்த கற்பனை. நோக்க வேண்டியது வேறொன்று. வேதியர் உள்ளே வந்தபோது பறைத்துடவை வெளியே போய்விட்டது. நந்தன் கேட்பது விடுப்பு மட்டுமே. நிலம் யாருடையது என்ற பேச்சே அங்கில்லை.

அப்பேச்சை எழுப்பியது கவிதை அன்று. செங்கல்பட்டு மாவட்டத்தின் அலுவலகக் கோப்பு ஒன்று. வண்டலூர் உள்ளிட்ட இம்மாவட்டம் மிராசு முறை வேரூன்றிய மண். திருக்குறளுக்கு உரைகண்டவரும், தென்மொழிகள் ஒரு குடும்பம் என்று 1816இலேயே எழுதியவருமான எல்லிசு துரையே மிராசு உரிமை பற்றிய அரசின் வினாக்களுக்கும் விரிவாக விடை எழுதினார். 1818இல் அது அச்சாயிற்று. மிராசுதார் ஊர் நிலத்தின் பங்குதாரர். தரிசு நிலத்தைப் பிறர் விண்ணப்பித்துக் கேட்டாலும் முன்னுரிமை அவருக்கே. சேரி இருந்த மனையும் அவருடையது என்றே வழங்கியது. கூலி உயர்த்திக் கேட்டவன் குடிசையையும் இழக்க நேரும்.

மாவட்ட ஆட்சியராயிருந்த டிரமன்ஹீர் 1891 அக்டோபரில் அரசுக்கு அளித்த அறிக்கை இந்நிலையை விளக்கியது. பறையர்க்கு மனை உரிமை வேண்டும், தரிசு நிலம் வேண்டும், பள்ளி வேண்டும் என்று அவர் வாதிட்டார். வருவாய் வாரியம் அவர் கூற்றை எளிதில் ஏற்கவில்லை. எனினும் 1892 செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த 1010ஆம் எண் அரசாணையே பின்னாளில் பஞ்சமி நிலம் எனப்பட்டதற்கு அடிப்படை. அந்நிலம் பிற வகுப்பார் கைக்கு மாறலாகாது என்ற நிபந்தனையும் அதனோடு வழங்கியது. வெள்ளையர் ஆட்சியின் கருணை என்று இதனைப் பாடிவிடவும் கூடாது. மிராசுதாரின் தனியுரிமையை ஏட்டில் ஏற்றிக் காத்ததும் அதே ஆட்சிதான்.

அடுத்த ஆண்டே, 1893இல், இம்மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். வசையாகச் சொல்லப்பட்ட பெயரையே இதழின் முகப்பில் ஏற்றிய துணிவு, தமிழ் இதழியல் வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. சென்னைச் சட்டமன்றத்தில் 1924இல் பொதுச்சாலையும் கிணறும் குளமும் எல்லார்க்கும் உரியன என்ற தீர்மானத்தைக் கொணர்ந்தவரும் அவரே. பின்பு அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். அவர் எழுத்தை இலக்கிய வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் முடித்துவிடுவது நம் துறையின் குறை.

புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' சிறுகதையை 1934இல் எழுதினார். காந்தியடிகள் வரும் இரயில் ஆதனூர் வழியே வருகிறது. கண்ணிழந்த சேரிக் கிழவன் தண்டவாளத்தில் நிற்கிறான். அவனைக் காக்க ஓடுகின்றனர், சீர்திருத்தம் பேசும் அவன் மகனும் காந்திவழி நின்ற ஆண்டையின் மகனும். மூவரும் மாள்கின்றனர். யார் நந்தன் என்று கதை கேட்கிறது. பழைய தீயின் இடத்தில் இரயில் வந்ததே தவிர, இங்கும் தீர்வு சாவில்தான். அக்கதையின் கசப்பு உண்மையானது. ஆயினும் கோயில், கல்வி, மதமாற்றம், காந்தியம் எல்லாவற்றையும் தொட்ட அந்தக் கூர்மதியும் துடவைக்குத் திரும்பவில்லை.

திரும்பியவர்கள் வேறு மக்கள். மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் கைமாறிப்போன பஞ்சமி நிலத்தை மீட்க, அதில் அம்பேத்கர் சிலையை நிறுவினர், சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தின்போது காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் பலியாயினர். டிரமன்ஹீரின் அறிக்கைக்கு அப்போது வயது 103.

இன்று நந்தனார் கதையைப் பாடுவோரும் ஆய்வோரும் நந்தி விலகியதையும் தில்லைத் தீயையும் விரித்துரைக்கின்றனர். தீயில் புகுந்தவர் ஊர் திரும்பவில்லை. அவர் ஆதனூரில் விட்டுச்சென்ற பறைத்துடவையை அடுத்த பருவத்தில் உழுதவர் யார் என்பதைச் சேக்கிழார் சொல்லவில்லை. பாரதியார் கேட்கவும் இல்லை.