சீவாளியும் சீடனும்

நாகசுரத்துக்கு நாதம் தருவது சீவாளி. நாணலால் ஆன அச்சிறு இரட்டை நாக்கு விரைவில் தேய்ந்துவிடும், வேறொன்றைப் பொருத்திக்கொள்ளலாம். வாசிக்கும் கலைஞரே மறைந்தால் அவ்விடத்தை நிரப்ப யாரால் இயலும்? அவர் உருவாக்கிய சீடரால் மட்டுமே.

1924-இல் ஆந்திரத்தின் கரவதி என்னும் சிற்றூரில், நாகசுரம் வாசிக்கும் இசுலாமியக் குடும்பத்தில் பிறந்தவர் ஷேக் சின்ன மௌலானா. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் இசையில் உள்ளம் பறிகொடுத்த அவர், தஞ்சை பாணியை நாடித் தமிழகம் வந்தார். நாச்சியார்கோவில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பாடம் கேட்டார். பின்னர் திருவரங்கத்திலேயே குடியேறினார்.

கச்சேரிப் புகழோடு அவர் நிறைவடைந்துவிடவில்லை. 1982-இல் சாரதா நாகசுர சங்கீத ஆசிரமத்தை அங்கு நிறுவினார். குடும்பங்களுக்குள் கைமாறி வந்த கலையை நாடி வந்தோர்க்கும் வழங்கினார். அவருடைய பேரர்கள் காசிம், பாபு ஆகியோரும், காலீஷாபி, மெகபூப் சுபானி தம்பதியரும் அவரிடம் பயின்றவர்களே. அத்தம்பதியர்க்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட கருவி பெண்ணின் கையிலும் சிறந்தது.

1998-இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற மௌலானா, மறு ஆண்டே மறைந்தார். மங்கல இசைக்கு மதம் கேட்காத மண் இது என்பதை அவர் வாழ்வு காட்டிற்று. மேடையில் எழுந்த நாதம் அன்றே காற்றில் கலந்தது. கற்பித்த நாதமோ இன்றும் ஒலிக்கிறது. பெற்றதைப் பிறர்க்கு அளிப்பவரே அதை இழக்காதவர் என்று நாம் உணர்கிறோம்.