அக்ரூட் இலை: மருத்துவமும் இரசாயனமும் – ஒரு வரலாற்று நோக்கு

மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த நூலை எவர் இயற்றினார், எந்த மன்னன் எந்த மருத்துவனை ஆதரித்தான் என்பன விரிவாகப் பேசப்படுகின்றன. ஆனால், ஒரு தழை எவ்வாறு மருந்தாயிற்று, எந்த நோய்க்கு மருந்தாயிற்று, அந்நம்பிக்கை பிற்காலச் சோதனையில் எந்த அளவுக்குத் தேறிற்று என்னும் வினாக்கள் அத்துணை எழுப்பப்படுவதில்லை. நாட்டு மருத்துவம் முழுவதும் உண்மை என்பாரும், முழுவதும் பொய் என்பாரும் நம்மிடையே உளர். இவ்விரு சாராரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். அவர்கள் மூலிகையின் பெயரை நோக்குகின்றனரேயன்றி, அது எந்த நிலையில், எந்த நோய்க்கு வழங்கப்பட்டது என்பதை நோக்குவதில்லை. இதனை விளக்குதற்கு அக்ரூட் மரத்தின் இலை தக்கதொரு சான்றாகும். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக் கால எழுத்துச் சான்றும், நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இரசாயன ஆய்வும் இம்மரத்திற்கு உண்டு.

மரமும் பெயரும்

அக்ரூட் நமது தீவின் மரமன்று. குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் இயல்பினதாகிய அம்மரத்திற்குப் பாரசீகம், நடு ஆசிய மலைநாடுகள், காசுமீரம் ஆகியன உகந்த நிலங்கள். கிர்கிசுத்தானின் அர்சுலான்பொப் மலைச்சரிவுகளில் இன்றும் அக்ரூட் காடுகள் பரந்து கிடக்கின்றன. 'அக்ஷோட' என்னும் வடசொல்லின் வழிவந்த இந்துத்தானிச் சொல்லே தமிழில் 'அக்ரூட்' என வழங்குகின்றது. காளிதாசரின் இரகுவமிசத்தில், காம்போச நாட்டிலே இரகுவின் யானைகள் பிணிக்கப்பட்ட மரங்களாக இவை சுட்டப்படுகின்றன.

கிரேக்கர் இதன் பருப்பைப் 'பாரசீகக் கொட்டை' என்றனர். ஆங்கிலேயர் இதற்கு இட்ட பெயரின் பழம்பொருள் 'அந்நியர் கொட்டை' என்பதாகும். சீனரும் இதனை வடமேற்குப் புறநாட்டாரின் பழமென்றே அழைத்தனர். இங்ஙனம் பல மக்களும் இதனைப் பிறர் நாட்டுப் பொருளாகவே கருதியமை, வணிகத்தின் வழியே இது பரவியமையைக் காட்டுவதாகும். 'யூக்கிளன்சு இறீஜியா' என்னும் தாவரவியற் பெயரின் முற்பகுதி, 'யூப்பிற்றர் தேவனின் கொட்டை' எனப் பொருள்படும் இலத்தீன் தொடரிலிருந்து பிறந்தது. பிற்பகுதி 'அரசனுக்குரியது' எனப் பொருள்படும்.

பருப்புக்குக் கிடைத்த பெருமையும் அரச பெருமையே. பொந்தசு நாட்டு மன்னன் மித்திரிதாத்தின் நச்சு முறிப்பு மருந்தொன்றை உரோம நூலாசிரியர் பிளினி குறித்துள்ளார். உலர்ந்த அக்ரூட் இரண்டு, அத்திப்பழம் இரண்டு, அருவதா இலை இருபது ஆகியவற்றை உப்புடன் இடித்துச் செய்வது அம்மருந்து. பின்னர், 1657ஆம் ஆண்டில் நூலெழுதிய ஆங்கில மூலிகை அறிஞர் வில்லியம் கோல்சு, அக்ரூட் காய் மனிதத் தலையையும் அதன் பருப்பு மூளையையும் ஒத்திருத்தலால் அது தலை நோய்களுக்குரியது என்றார். பொருளின் உருவமே அதன் பயனைக் காட்டும் என்னும் கொள்கை அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது.

இலைக்கோ அத்தகைய உருவச் சிறப்பு எதுவும் இல்லை. அதனை மக்கள் அறிந்தது கையாலும் நாவாலும் மூக்காலுமே. கசக்கினால் கை கறுத்தது. மென்றால் வாய் துவர்த்தது. முகர்ந்தால் கடுமணம் வீசியது. இலையின் மருத்துவம் முழுவதும் இம்மூன்று அவதானங்களிலிருந்து வளர்ந்ததெனக் கொள்ளலாம்.

பிளினியின் சான்று

வெசூவியசு எரிமலையின் சீற்றத்தின்போது கி.பி. 79இல் மாண்ட பிளினி, தமது இயற்கை வரலாற்றில் அக்ரூட் பற்றிப் பல செய்திகளைத் தொகுத்துள்ளார். அவற்றுள் மூன்று நம் கவனத்திற்குரியன. முதலாவது, மரமும் இலையும் மூளையைத் தாக்கும் நச்சுத்தன்மையை வெளிவிடுகின்றன என்பது. இக்காரணத்தாலேயே தலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து மரத்தின் கிரேக்கப் பெயர் தோன்றிற்று என அவர் கருதினார். இரண்டாவது, அதன் நிழல் ஏனைய பயிர்களுக்குத் தீங்கானது என்பது. மூன்றாவது, அப்போதுதான் உருவாகும் பிஞ்சுகள் தலைமயிரைச் செந்நிறமாக்கும் என்பது. பிஞ்சுகளைத் தொட்டவர்களின் கைகளிற் கறை படிந்தமையால் இச்சாயம் அறியப்பட்டது என்னும் குறிப்பையும் அவர் தருகிறார்.

சொல்லாராய்ச்சியை விடுத்து அவதானங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், இவற்றுட் பின்னைய இரண்டும் வெறும் கற்பனையல்ல. கறையும் நிழலும் இரசாயன ஆய்வுக்கு வாயில் திறந்தவையாகும். அவ்வாய்வை நோக்குமுன், இலை மருத்துவப் புகழின் உச்சியை எட்டிய ஒரு காலப்பகுதியைக் காணவேண்டும்.

கண்டமாலையும் அக்ரூட் இலையும்

கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்கள் மாலைபோல் வீங்கி, உடைந்து, நாட்பட்ட புண்ணாகும் கண்டமாலை நோய், ஐரோப்பாவில் ஏழைக் குழந்தைகளைப் பெரிதும் வருத்திற்று. மன்னனின் கை பட்டால் அது தீரும் என்னும் நம்பிக்கை பிரான்சிலும் இங்கிலாந்திலும் பல நூற்றாண்டுகள் நிலவியது. பிரெஞ்சு மன்னன் பத்தாம் சாள்சு, முடிசூட்டு விழாவையடுத்து 1825இல் றீம்சு நகரிலே இந்நோயாளரைத் தொட்டான். அந்நாட்டில் அச்சடங்கு அதுவே இறுதியாயிற்று.

பதினாறு ஆண்டுகள் கழிந்து, 1841இல், பிரான்சின் ஆஞ்சே நகர மருத்துவராகிய நெக்கிரியே, கண்டமாலைக்கு அக்ரூட் இலை நன்மருந்து என அறிவித்தார். இலையை ஊறவைத்த நீரைப் பருகக் கொடுத்தார். இலைச் சத்தையும் பாகாக்கி வழங்கினார். இலைக் கஷாயத்தாற் புண்களைக் கழுவினார். மாதக் கணக்கில் நீடித்த இம்மருத்துவத்தால் நோயாளர் பலர் தேறினர் என்பது அவர் கூற்று. மன்னனின் கையிலிருந்து மரத்தின் இலைக்கு நம்பிக்கை இடம் மாறியமை ஓர் அறிவு வளர்ச்சியே. ஏனெனில், இலையைச் சோதிக்கலாம். மன்னனின் அருளைச் சோதித்தல் இயலாது. பிரெஞ்சு, யேர்மன் அரச மருந்து நூல்களிலும் இவ்விலை இடம் பெற்றது.

ஆயினும், 1882இல் றொபேட் கொக் கசநோய்க் கிருமியைக் கண்டறிந்தபின், கண்டமாலை பற்றிய கருத்து அடியோடு மாறிற்று. அது பெரும்பாலும் கசநோயின் ஒரு வடிவமே எனத் தெளிவாயிற்று. அக்கிருமியை உடலினுள்ளே ஒடுக்கும் மருந்து 1943இல் திரெத்தோமைசின் பிரித்தெடுக்கப்பட்ட பின்னரே மனிதனுக்குக் கிட்டியது. அவ்வாறாயின், நெக்கிரியே கண்ட குணம் யாது?

அவர் பொய்யுரைத்தார் எனக் கொள்ள வேண்டுவதில்லை. கண்டமாலை தானே தணிந்தும் மீண்டும் எழுந்தும் வரும் இயல்பினது. நல்லுணவும் தூய காற்றும் பராமரிப்பும் கிடைக்கும்போது பல குழந்தைகள் ஓரளவு தேறுவதுண்டு. இலை பெற்றோரையும் இலை பெறாதோரையும் ஒருங்கே வைத்து ஒப்பிடாதவிடத்து, எது எதனால் நிகழ்ந்தது எனக் கூறவியலாது. மேலும், துவர்ப்பான கஷாயம் புண்ணின் கசிவைக் குறைத்து, அதனை உலரச் செய்திருக்கும். கண்ணுக்குத் தெரிந்த புண் ஆறிற்று. கணுவினுள் இருந்த கிருமி ஆறவில்லை. புண் ஆறியமையை நோய் தீர்ந்தமையாகக் கொண்ட இடத்திலேதான் பிழை நேர்ந்தது. அப்பிழையின் விலையைச் செலுத்தியோர் நோயுற்ற குழந்தைகள் என்பதை நாம் மறத்தலாகாது.

கறையின் இரசாயனம்

1856ஆம் ஆண்டில் வோகல், றைசவர் என்னும் இருவர் அக்ரூட் காயின் பச்சைத் தோலிலிருந்து செம்மஞ்சள் நிறப் பளிங்குகளைப் பிரித்தெடுத்தனர். பின்னர் யக்கிளோன் எனப் பெயர்பெற்ற சேர்வை இதுவே. 1887இல் பேண்சன், செம்பர் ஆகியோர் அதன் அமைப்பைத் துணிந்து, நத்தலீனிலிருந்து அதனைத் தொகுத்தும் காட்டினர்.

யக்கிளோனின் மூலக்கூற்றில் காபன் அணுக்கள் 10, ஐதரசன் அணுக்கள் 6, ஒட்சிசன் அணுக்கள் 3 உள்ளன. நம் வீட்டு முற்றத்து மருதோன்றியின் சாயப்பொருளாகிய லோசோனும் இதே எண்ணிக்கையான அணுக்களையே கொண்டது. ஐதரொட்சிற் கூட்டம் அமைந்துள்ள இடம் ஒன்றே இவ்விரண்டையும் வேறுபடுத்துகின்றது. ஆகவே இவை ஒன்றுக்கொன்று சமபகுதியங்களாகும். மருதோன்றி நம் பெண்களின் விரல்களைச் சிவக்கச் செய்தலும், அக்ரூட் உரோமரின் மயிருக்குச் சாயமேற்றியமையும் உறவுடைய இரு சேர்வைகளின் செயல்களே. இரண்டும் தோலிலும் மயிரிலும் உள்ள புரதத்தோடு பிணைந்து நிறம் தருகின்றன.

மருதோன்றி இலையை அரைத்தாலன்றி அது சிவப்பதில்லை. அக்ரூட் இலையின் இயல்பும் இதுவே. உயிருள்ள இலையில் யக்கிளோன் பெரிதும் தன் உருவில் இருப்பதில்லை. ஐதரோயக்கிளோன் என்னும் நிறமற்ற பொருள் குளுக்கோசுடன் பிணைந்து அங்குத் தங்கியிருக்கின்றது. இலை கசங்கும்போது நீர்ப்பகுப்பினால் வெல்லம் பிரிகின்றது. எஞ்சிய பொருள் காற்றிலுள்ள ஒட்சிசனால் ஒட்சியேற்றமடைந்து யக்கிளோன் ஆகின்றது. அதுவும் நிலைத்திருப்பதன்று. இலை உலர உலர, யக்கிளோன் மூலக்கூறுகள் தம்முள் இணைந்து கரும்பழுப்பு நிறப் பொருள்களாக மாறிவிடுகின்றன. ஆதலால், மருந்துக் கடையில் விற்கப்படும் உலர்ந்த இலையில் யக்கிளோனின் சுவடே எஞ்சுகின்றது.

இவ்வுண்மை மிக முக்கியமானது. யக்கிளோன் கிருமிகளையும் பூஞ்சணங்களையும் தடுப்பதாகவும், பயிர்களுக்கு ஊறு செய்வதாகவும் ஆய்வுகூடங்களில் அறியப்பட்டது. அமெரிக்கக் கரு அக்ரூட்டின் அருகே தக்காளி வாடுதற்கு யக்கிளோனே காரணமாகலாம் என 1928இல் டேவிசு காட்டியபோது, பிளினியின் நிழற்கதைக்கும் விளக்கம் கிடைத்ததெனப் பலர் கருதினர். வயல் நிலத்தில் அது உண்மையில் எந்த அளவுக்குத் தீங்கு விளைக்கின்றது என்பது இன்றும் விவாதத்துக்குரியது. எவ்வாறாயினும், பச்சை இலைக்கும் காய்த்தோலுக்கும் உரிய இப்புகழை உலர்ந்த இலைக் கஷாயத்திற்கு ஏற்றிக் கூறுதல் பொருந்தாது.

உலர்ந்த இலையில் உள்ளது என்ன?

உலர்ந்த இலையின் நிறையில் ஏறத்தாழப் பத்து வீதம் தனின்கள். துவர்ப்புக்குக் காரணம் இவையே. தனின்கள் தோலின் மேற்பரப்பிலுள்ள புரதங்களைத் திரளச் செய்து மெல்லிய படை ஒன்றை ஆக்குகின்றன. அதனாற் கசிவும் வியர்வையும் குறைகின்றன. இவற்றோடு குவேர்செற்றின், கெம்பெரோல் ஆகியவற்றின் வெல்லச் சேர்வைகளான பிளேவனொயிட்டுகளும், கபேயிக்கமில வழிவந்த பினோலிக் அமிலங்களும் உள்ளன. மணத்துக்குரிய ஆவியாகும் எண்ணெய் மிகச் சிறிதளவே. போர்த்துக்கலில் பல்வேறு அக்ரூட் இனங்களின் இலைகளை மே முதல் செத்தெம்பர் வரை பறித்து ஆராய்ந்தோர், இனத்துக்கு இனமும் மாதத்துக்கு மாதமும் பினோலிக் சேர்வைகளின் அளவு வேறுபடுதலைக் கண்டனர். குறிப்பிட்ட பருவத்திற் பறித்த இலையே மருந்துக்கு ஏற்றது எனப் பழைய மருத்துவர் வற்புறுத்துவதை நாம் எளிதில் ஒதுக்கிவிடலாகாது என்பதற்கு இது சான்று.

அந்நாட்டிலேயே 2007இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், இலையின் நீர்ச்சாறு கிராம் நேர்ப் பற்றீரியாக்களைத் தடுத்தது. கிராம் மறைப் பற்றீரியாக்களும் பூஞ்சணங்களும் அதற்கு மசியவில்லை. எல்லாக் கிருமிகளுக்கும் இது எமன் என்னும் கூற்று இதனால் தகர்கின்றது. தோற்புண்களிற் காணப்படும் சில கிருமிகளின் மீது இலைக்கு ஓரளவு ஆற்றல் இருக்கலாம் என்பதும் இதனாற் பெறப்படுகின்றது.

இன்று ஐரோப்பாவில் இவ்விலைக்குரிய இடம் மிக அடக்கமானது. தோலின் சிறு அழற்சிகளுக்கும், கை கால்களின் மிகை வியர்வைக்கும் புறப்பூச்சாக மட்டுமே இது ஏற்கப்பட்டுள்ளது. யேர்மன் ஆணைக்குழு 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 முதல் 3 கிராம் இலையை விதித்தது. ஐரோப்பிய மருந்து முகவரகத்தின் மூலிகைக் குழு 2013இல் இதனை ஏற்றபோது, சிகிச்சைச் சோதனைகளின் அடிப்படையில் அன்றி, நீண்டகால வழக்கின் அடிப்படையிலேயே ஏற்றது. நீரிழிவுக்கு இவ்விலை உதவும் என்பது ஈரானில் நெடுநாள் வழக்கு. அங்கு 2014இல் வெளியான சிறு சோதனைகள் குருதி வெல்லம் குறைந்ததாகக் கூறின. 2018இல் வெளியான மற்றொரு சோதனை அத்தகைய பயனைக் காணவில்லை. எனவே அதனை நிறுவப்பட்ட மருந்தாகக் கொள்ளுதற்கு இடமில்லை.

முடிபு

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க முடிபு யாது? பழையோரின் அவதானம் பலவிடத்துச் சரியாக இருந்தது. அதற்கு அவர்கள் கூறிய காரணமே பிழைத்தது. கை கறுத்ததும் புண் உலர்ந்ததும் உண்மை. தலையைப் போன்ற காய் தலைநோயைத் தீர்க்கும் என்பதும், புண் உலர்ந்தால் கண்டமாலை தீர்ந்தது என்பதும் பிழை. புதியோரும் பிழை நீங்கியவர் அல்லர். கண்ணைக் கவர்ந்த ஒரு சேர்வையைப் பிரித்தெடுத்தவுடன் மூலிகையின் ஆற்றல் முழுவதும் அதுவே எனக் கொள்வதும் ஒருவகை மூடநம்பிக்கையே.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. சித்த மருத்துவர் வழங்கும் சித்திரமூலம் என்னும் கொடிவேலி, தாவரவியலில் இலங்கையின் பெயரையே தாங்கி நிற்பது. அதன் வேரிலுள்ள பிளம்பாசின், யக்கிளோனுடன் ஒரு மெதயிற் கூட்டம் சேர்ந்த சேர்வையாகும். தோலைக் கொப்புளிக்கச் செய்யும் அவ்வேரைச் சுத்தி செய்த பின்னரே மருந்திற் சேர்க்கவேண்டும் என்பது நம் மருத்துவ மரபின் விதி. சுத்தி செய்யும்போது பிளம்பாசினின் அளவு குறைதலை இக்கால ஆய்வும் காட்டியுள்ளது. பச்சையும் உலர்ந்ததும், சுத்தி செய்ததும் செய்யாததும் ஒரே மருந்தல்ல என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

எனவே, ஒரு மூலிகையைப் போற்றுமுன்பும் தூற்றுமுன்பும் நாம் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று: எந்த உறுப்பு, எந்த நிலையில், எந்த நோய்க்கு? இம்மூன்றுக்கும் விடை தேடுதற்கு ஏடுகளைப் படிக்க வல்ல தமிழறிவும், சேர்வைகளைப் பகுக்க வல்ல இரசாயன அறிவும், நோயாளரை ஒப்பிட்டு ஆராயும் மருத்துவ அறிவும் ஒருங்கே வேண்டும். பல்கலைக்கழகத்தில் இவை மூன்றும் வெவ்வேறு பீடங்களில் வாழ்கின்றன. அவை ஒன்றுகூடி ஆராயுமாயின், நம் ஏடுகளிலுள்ளவற்றுள் எது அவதானம், எது ஊகம் எனப் பிரித்தறிய இயலும். அதுவே அவ்வேடுகளுக்கும், அவற்றை நம்பி மருந்துண்ணும் மக்களுக்கும் நாம் செய்யத்தக்க கடமையாகும்.