பொன்னெழுத்தும் அரசு முத்திரையும்: திப்பு சுல்தான் துப்பாக்கிகளின் குறிகள் பற்றி ஒரு மறுவாசிப்பு

திப்பு சுல்தானின் கடிதங்களைத் தேர்ந்து மொழிபெயர்த்து வில்லியம் கிர்க்பாட்ரிக் 1811இல் லண்டனில் வெளியிட்டார். அதன் முன்னுரையில் திப்புவின் குணங்களாக அவர் நீண்டதொரு பட்டியல் போடுகிறார். கொடிய பகைவன், மதவெறியன் என்று தொடங்கி, சில்லறை வியாபாரி வரை அது இறங்கி வருகிறது. இடையில் ஓர் அடைமொழி: அற்பத்தனமாகவும் மனம்போன போக்கிலும் புதுமை செய்பவன். கொடுமை, மதவெறி பற்றிய தீர்ப்புகளோடு பிற்கால வரலாற்றாசிரியர்கள் ஓயாமல் மல்லுக்கட்டினார்கள். இந்த அடைமொழியை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. மைசூர்த் துப்பாக்கிகளைப் பற்றி எழுதுவோரிடம் அது இன்றும் மென்மையான வடிவில் உலவுகிறது: புலிப்பித்துப் பிடித்த அரசன், ஆகவே குழலெங்கும் புலிவரி, அலங்கார மோகம், ஆகவே பொன்னெழுத்து.

என் வாதம் இதற்கு எதிரானது. அந்தப் பொன்னெழுத்தில் அழகு உண்டு. ஆனால் அதன் முதல் வேலை, அரசாங்கத்தின் பதிவேட்டு வேலை.

எழுத்து எப்படிக் குழலில் ஏறுகிறது என்பதைப் பார்த்துவிடலாம். பொன்னை எஃகில் பதிக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, எஃகின் மேற்பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் மெல்லிய பொன்கம்பியையோ தகட்டையோ வைத்துத் தட்டி மெருகேற்றுவது. இதுவே கோஃப்த்காரி. இதில் வேலை விரைவாக முடியும், பொன்னும் குறைவு. ஆனால் கை அடிக்கடி படும் இடங்களில் சில தலைமுறைகளுக்குள் தேய்ந்து, கீறல் மட்டும் மிஞ்சும். மற்றது, எழுத்தின் வடிவிலேயே பள்ளம் வெட்டி, பள்ளத்தின் அடியை வாயைவிடச் சற்று அகலமாக்கி, கம்பியை அதற்குள் அடித்து இறுக்குவது. இது தஹ்நிஷான். குழலை அரத்தால் ராவினாலொழிய எழுத்து போகாது. இனி நிறம். எஃகை ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றினால் அதில் நீலம் பாரிக்கும். பொன்னோ நிறம் மாறாது. கருநீலத்தின் மேல் மஞ்சள் எழுத்து சில அடி தூரத்திலிருந்தே கண்ணில் படும்.

என்ன எழுதினார்கள்? திப்புவின் நல்ல வேட்டைத் துப்பாக்கிகளின் குழலில், மின்னலை உவமை சொல்லும் பாரசீக ஈரடி ஒன்றைக் காணலாம். அருங்காட்சியகக் குறிப்புகள் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டும். அதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் படித்தால் கிடைப்பவை: ‘சர்க்கார்-ஏ-குதாதாதி’ என்ற அரசின் பெயர், செய்த இடம், வினைஞரின் பெயர், மவ்லூதி ஆண்டு (ஹிஜ்ரிக்குப் பதிலாகத் திப்பு பயன்படுத்திய ஆண்டுமுறை). ஸ்ரீரங்கப்பட்டணம் அதில் ‘பட்டண்’ என்று வரும். வினைஞர்களில் சையத் மஅசூம், அசத் கான் முகம்மது போன்றோர் உண்டு. இவை ஒரு கிடங்குக் கணக்குப்பிள்ளை கேட்கும் விவரங்கள். அதே சர்க்கார் பெயர் திப்புவின் நூலகத்துப் புத்தக அட்டைகளிலும் அச்சாகியிருப்பதை, 1809இல் அந்நூலகத்துக்கு அட்டவணை தயாரித்த சார்லஸ் ஸ்டூவர்ட் பதிவு செய்திருக்கிறார். புத்தகத்துக்கும் துப்பாக்கிக்கும் ஒரே உடைமைக் குறி.

இந்தப் பழக்கம் புதியதுமன்று. அக்பரின் ஆயுதச்சாலையில் ஒவ்வொரு துப்பாக்கிக் குழலிலும் இரும்பின் எடை, அது வந்த இடம், செய்தவர், செய்த ஊர், தேதி, எண் ஆகியவை பொறிக்கப்பட்டதாக அபுல் ஃபசலின் ‘அயினி அக்பரி’ கூறுகிறது. திப்புவுக்கு இரண்டு நூற்றாண்டுகள் முந்திய நடைமுறை அது. கிர்க்பாட்ரிக் பாரசீகத்தில் நல்ல புலமை உள்ளவர், இதை அறிந்திருக்க வேண்டியவர். ஆகவே ‘புதுமை’ என்ற சொல்லிலேயே அவர் சறுக்குகிறார். ‘அற்பம்’ என்பது அடுத்த சறுக்கல்.

இப்போது ஒரு சிறு முத்திரைக்கு வருகிறேன். மைசூர்க் குழல்களில் காணப்படும் நான்கு அறைக் குறி அது. சிறிய கட்டம், குறுக்குக் கோடுகளால் நான்காகப் பிரிந்திருக்கும். திப்புவின் தந்தை பெயரான ‘ஹைதர்’ அதில் அடங்கியிருப்பதாகப் பொதுவாகக் கொள்கிறார்கள். பெரும்பாலானோர் இதை ஒரு தாயத்துக் குறி என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். அதை மறுக்க என்னிடம் ஆவணம் இல்லை. ஆனால் அதே காலத்தில் எதிர்ப்பக்கத்துச் சிப்பாயின் கையில் இருந்த துப்பாக்கியைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் விசைப்பொறித் தகட்டில் இதய வடிவம் ஒன்று. அது நான்காகப் பிரிந்து அறைக்கு ஓர் எழுத்தாக கம்பெனிப் பெயரின் தலையெழுத்துகளைத் தாங்கும். மேலே 4 என்ற எண் போன்ற ஒரு கொக்கி. சரக்கு மூட்டைகளில் போட்ட வணிகக் குறி, ஆயுதத்துக்கும் வந்தது. மைசூர்ப் படை 1780 செப்டம்பரில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தபோது கம்பெனித் துப்பாக்கிகள் அதன் கையில் சிக்காமலா இருந்திருக்கும்? நான்கு அறைகளில் பெயரைப் பிரித்து வைக்கும் கம்பெனி முறையைப் பார்த்து, அதற்கு எதிராக எழுந்த குறிதான் ஹைதர் முத்திரை என்று வாசிக்கவே நான் விரும்புகிறேன். வடிவ ஒப்புமை ஒன்றை மட்டும் நம்பி நிற்கும் வாதம் இது. பலவீனம் தெரிந்தேதான் வைக்கிறேன். 

கம்பெனியும் 1808 வாக்கில் அந்த இதயக் குறியைக் கைவிட்டு, நிமிர்ந்து நிற்கும் சிங்கத்துக்கு மாறியது. கிர்க்பாட்ரிக்கின் நூல் வந்தது அதற்கு மூன்றாண்டு கழித்து. கம்பெனி சிங்கம் பொறித்ததை எவரும் மனம்போன போக்கு என்று எழுதவில்லை. இன்னொன்று: ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிக்காக பர்மிங்ஹாம் அருகே சோஹோ சாலையில் அடித்த பதக்கத்தில், பிரிட்டிஷ் சிங்கம் புலியை வீழ்த்துகிறது, மேலே பறக்கும் கொடியில் ‘அசதுல்லா அல்காலிப்’ (‘வெல்லும் இறைவனின் சிங்கம்’) என்ற அரபு வாசகம். அதே வாசகத்தைப் புலிமுகமாக வளைத்து எழுதித் திப்பு தன் ஆயுதங்களில் பொறித்திருந்தார். வென்றவர்களே எடுத்துச் சூடிக்கொண்ட வாசகம், அற்ப விளையாட்டாக அவர்களுக்குத் தோன்றியிருக்க முடியாது.

ஆண்டுக் கணக்குக்கு வருவோம். இங்கேதான் சிக்கல் அதிகம். திப்பு ஹிஜ்ரி எண்ணை விட்டு மவ்லூதி எண்ணுக்கு மாறியபின், நாணயங்களில் இலக்கங்களை வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். 1224 என்பது 4221 என்று நிற்கும். இதையும் கோமாளித்தனம் என்று சிரித்துவிடலாம். ஆனால் மவ்லூதி 1215 முதல் 1226 வரையான எண்களை ஹிஜ்ரியாகப் படித்தால் கி.பி. 1800 முதல் 1811 வரை வரும். திப்பு இறந்தது 1799 மே 4. அவரே இதை முன்னறிந்து செய்தார் என்று சொல்ல வரவில்லை. இரண்டு ஆண்டுமுறைகள் ஒரே சந்தையில் புழங்கும்போது, இலக்க வரிசையே எது எந்த முறை என்று சொல்லிவிடுகிறது என்பதுதான் என் கருத்து.

இந்த விளக்கத்தை உடைக்கும் ஓர் ஆண்டு உண்டு: 1221. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் 1221தான். மவ்லூதி எனில் 1793-94. ஹிஜ்ரி எனில் 1806-07. அரசின் பெயரோ புலிக்குறியோ தேய்ந்துபோன ஒரு தென்னிந்தியக் குழலில் இந்த எண் மட்டும் எஞ்சினால், அதைத் திப்புவின் காலத்தது என்று துணிய வழியில்லை. ராபின் விகிங்டன் 1992இல் வெளியிட்ட நூல் இந்தத் துப்பாக்கிகளுக்கு இன்றும் அடிப்படைக் கையேடு. அதை வைத்துக்கொண்டு ஏலப் பட்டியல் தயாரிப்போராவது இந்த ஒரு எண்ணில் நிதானிக்க வேண்டும்.

மவ்லூதியின் தொடக்கமே இன்னும் தீரவில்லை. நபியின் பிறப்பிலிருந்து சூரிய ஆண்டுகளாக எண்ணினாலும் 1787 அளவில் 1215 வருகிறது. ஹிஜ்ரத்துக்குப் பதின்மூன்று ஆண்டுகள் முந்திய நபித்துவத்திலிருந்து சந்திர ஆண்டுகளாக எண்ணினாலும் ஏறக்குறைய அதே எண்தான். பெயர் முதல் கணக்கை ஆதரிக்கிறது. ஆண்டின் நீளமும் அப்படியே: அது நம் பிரபவ முதல் அட்சய வரையான அறுபதாண்டுச் சுழற்சியோடு ஒட்டி ஓடுவது, 1215 பிலவங்கவில் விழுகிறது, சுழற்சியில் 41ஆவது. எனவே குழலில் உள்ள மவ்லூதி எண்ணோடு 572 கூட்டினால், யுகாதியில் தொடங்கும் அந்த ஆண்டின் கி.பி. எண் கிடைக்கும். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த ஜே. ஆர். ஹெண்டர்சன் 1921இல் ஹைதர், திப்பு நாணயங்களைத் தொகுத்த நூலோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். நாணயத்தில் ஆட்சியாண்டும் சேர்ந்திருப்பதால் அங்கே தவறு நேர வாய்ப்பு குறைவு. துப்பாக்கியில் அந்தத் துணை இல்லை. மவ்லூதி 1227 என்ற எண் பொறித்த குழல் ஒன்று கைக்கு வந்தால் மட்டும் தயங்க வேண்டியதில்லை: 1799 ஏப்ரல் முதல் வாரத்து யுகாதிக்கும் மே 4க்கும் இடையில், முற்றுகைக்கு உள்ளே, அதில் பொன் பதித்திருக்க வேண்டும், இல்லையெனில் அது போலி.